தங்கக் குதிரைக்காரனின் கால்

ஏழாம் அத்தியாயம்

"அந்தத் துணியை எடு. பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்."

கேட்கவே கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததைச் செலீனா கேட்டுவிட்டாள். காலையில்தான் சட்டத்தரணி அம்மா விரலை நீட்டி நீட்டிப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்: "நீ மொழிபெயர்ப்பாளர். நீ ஒரு வாய். அந்த வாய்க்குச் சொந்தமாகக் கேள்வி கிடையாது. நூதனசாலைக்குப் போ, துப்புரவாளர்களின் வேலை நேரப் பட்டியலை வாங்கு, வா. ஐந்தாம் பெட்டியைப் பற்றி மூச்சும் விடாதே." செலீனா தலையாட்டினாள். தலை ஆடியதே தவிர மனம் ஆடவில்லை.

நூதனசாலைப் பொறுப்பாளர் மொன்ஸ் ஹோல்ம் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். அறுபது வயது, ஆறடி உயரம், முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை.

"நீ பட்டியல் வாங்கத்தானே வந்தாய்?"

"பட்டியலும் வேண்டும்."

"பொலிஸ் எல்லாம் பார்த்துவிட்டது."

"பொலிஸ் பார்த்தது. நான் பார்க்கவில்லை."

டென்மார்க்கில் ராணியைத் தவிர எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். வந்த புதிதில் செலீனாவுக்கு அது நாக்கில் முள்ளாகக் குத்தியது. இன்றைக்கு இனித்தது.

வாசலில் வாளியோடு நின்ற துப்புரவாளர் இன்னாசித்தம்பி முகட்டைப் பார்த்தார். அவருக்கு டேனிஷ் அரைகுறை. ஆனால் யாழ்ப்பாணம்-பருத்தித்துறை பஸ்ஸில் இருபது வருடம் கொண்டக்டராக நின்றவருக்கு, இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் சங்கதி எந்தத் தரிப்பில் போய் நிற்கும் என்று பாஷை தெரியாமலே தெரியும்.

"பிள்ளை, நாங்கள் இறங்கவேண்டிய இடம் இதுதான்," என்று தமிழில் முணுமுணுத்தார். "இதுக்கங்காலை எங்கட ரிக்கெற் செல்லாது."

"நீங்கள் வாளியைப் பாருங்கோ அண்ணை."

ஹோல்ம் தோளைக் குலுக்கிவிட்டுத் துணியை உருவினார்.

கண்ணாடிக்குள் பழைய கம்பளித்துண்டு ஒன்று விரித்திருந்தது. அதன்மேல் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு அட்டை: 'தங்கக் குதிரைவீரன். சிதியர். கருங்கடலுக்கு வடக்கே. கி.மு. நான்காம் நூற்றாண்டு.'

வழக்கு இதுதான். போன வியாழக்கிழமை பின்னேரம் அந்தக் கம்பளியின் மேலிருந்த உள்ளங்கையளவு தங்கத்தகடு காணாமல் போனது. இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் புல்வெளியில் குதிரை முதுகிலேயே வாழ்ந்து செத்த சிதியர் என்ற சனத்தின் கல்லறையில் கிடைத்த தகடு என்று பெயர். ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டும்போது அது இருந்தது என்று ஹோல்ம் சொன்னார். ஆறு மணிக்குத் துப்புரவாளன் பாக்கியராசா அந்த அறையின் தரைக்கு மெழுகு பூசினான். மறுநாள் தகடு இல்லை. காய்ந்த மெழுகில், பெட்டிவரைக்கும் போய்த் திரும்பிய வெறுங்கால் அடிகள் மட்டும் இருந்தன. அவை பாக்கியராசாவின் அடிகள். பெட்டிகளின் திறப்புக்கோர்வை துப்புரவு அறையில் ஓர் ஆணியில் தொங்கும். இந்த ஊரில் யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை, கறுத்த தோல் வந்து சேரும் வரைக்கும்.

பாக்கியராசாவின் பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் இலங்கையில், வாழைச்சேனையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ள அவன் போட்ட விண்ணப்பம் ஒப்பம் விழும் கட்டத்தில் இருந்தது. 'திருட்டு' என்று ஒரு வரி அதில் ஏறினால் பிள்ளைகளும் வரமாட்டார்கள், அவனும் இங்கே இருக்கமாட்டான். இப்போது ஓகூஸ் நகரத்துக் காவல் அறையில் ஐந்தாம் நாளாகக் கிடக்கிறான். சட்டத்தரணி அம்மா வாதாடுவது அவனுக்காகத்தான்.

செலீனா கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்தாள். கம்பளி சாம்பல் பூத்துக் கிடந்தது. நடுவில், தகடு இருந்த இடத்தில் மட்டும், ஒரு குதிரையின் உருவத்தில் மாதுளம்பழச் சிவப்பு.

"இந்தத் துணி எப்போது தொடக்கம் மூடியிருக்கிறது?"

"எப்போதும்தான். வெளிச்சம் பட்டால் கம்பளி மங்கிவிடும்."

"தகட்டின் படம் ஒன்று கிடைக்குமா? பொலிஸ் கோப்பில் இருப்பது பிரதியின் பிரதி. குதிரையா கழுதையா என்றே பிடிபடவில்லை."

"நெகட்டிவ் தொலைந்துவிட்டது."

"கீழே கடையில்?"

"விற்றுத் தீர்ந்துவிட்டது." ஹோல்ம் பட்டியலை அவள் கையில் திணித்தார். "வேறு ஏதாவது?"

"இல்லை. தக்," என்றாள் செலீனா. நன்றி சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லை அவள் கதவை அடிப்பதுபோலச் சொல்லக்கூடியவள்.

பின்பக்கத்துச் சைக்கிள் கொட்டிலின் தகரத்தில் நவம்பர் மழை அவல் வறுத்துக்கொண்டிருந்தது. இன்னாசித்தம்பி சிகரெட் பற்றவைத்தார்.

"என்ன பிள்ளை, வெறும் பெட்டியைப் பார்த்து என்னத்தைக் கண்டாய்? அஞ்சு நிமிஷம் கும்பிட்ட மாதிரி நிண்டாய்."

"துணி எப்பவும் மூடியிருந்ததாம். அப்ப கம்பளி என்னெண்டு அண்ணை வெளிறினது? தகடு இருந்த இடம் மட்டும் புதுச்சேலை மாதிரிக் கிடக்குது. முப்பது வருஷ வெயில் அந்தக் கம்பளியைக் குடிச்சிருக்குது. துணி நேற்று வந்த துணி."

இன்னாசித்தம்பி புகையை விழுங்கினார். "நேற்றில்லை. போன கிழமை திங்கள். நான் தரை துடைக்கேக்கை மனுசன் தானே கொண்டுவந்து போர்த்தினவர். குளிருதாக்கும் எண்டு நினைச்சன்."

"இதை ஏன் பொலிசுக்குச் சொல்லேல்லை?"

"பொலிஸ் என்னட்டைக் கேட்டது ஒரே கேள்வி. 'பாக்கியராசா நல்லவனோ?' எண்டு. ஓம் எண்டன். அதை எழுதவுமில்லை."

செலீனா கணக்குப் போட்டாள். திங்கட்கிழமை துணி. வியாழக்கிழமை திருட்டு. திங்களுக்கும் வியாழனுக்கும் இடையில் தகட்டைக் கண்ணால் கண்டதாகச் சொன்னவர் ஒரே ஒருவர், துணியைப் போர்த்திய அதே ஹோல்ம். மெழுகிலும் ஒரு வேடிக்கை இருந்தது. மெழுகு பூசியபின் நடந்தவனின் அடிதான் மெழுகில் விழும். பூசுமுன் எடுத்தவனுக்குப் பாதமே கிடையாது. வெறுங்கால் அடி பாக்கியராசாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவனுக்கு முன்னால் வந்தவனை மறைத்தது.

"சத்தம் கேளாமல் போகத்தான் சப்பாத்தைக் கழட்டினவனாம், பொலிஸ் சொல்லுது," என்றார் இன்னாசித்தம்பி. "இரும்பு வாளியோட போறவன் சப்பாத்துச் சத்தத்துக்கோ பயப்பிடுவான்?"

"செத்த ஆளின்ர குழிச்சாமான் அண்ணை. அதுக்கு முன்னாலை சப்பாத்தோட நிக்கிறது பாவம் எண்டு கழட்டியிருக்கிறான். துணிக்குக் கீழ கண்ணாடி விளிம்பில கறை தெரிஞ்சதாம், துடைக்கப் போனானாம். மெழுகு பழுதாப் போச்செண்டு இரவு முழுக்கக் கவலைப்பட்டவனாம்."

அவள் குரல் இறங்கியது. அதற்குக் காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை பொலிஸ் மேசைக்கு முன்னால் பாக்கியராசா கையைக் கூப்பிக்கொண்டு மூன்று தரம் சொன்னான்: "பிழை நடந்து போச்சு ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ." காக்கியோ கறுப்போ, சட்டையில் பொத்தான் வைத்தவனைக் கண்டால் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நம் ஆட்கள் மூச்சு விடுவார்கள். செலீனா அதை அப்படியே டேனிஷில் சொன்னாள். என்ன பிழை என்று பொலிஸ் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, வாய்க்குக் கேள்வி கிடையாதே. 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார்கள். கீழே மொழிபெயர்ப்பாளர் என்று அவள் கையெழுத்து. மறுநாள் காவல் அறையில் போய்க் கேட்டபோதுதான் மெழுகுக் கதை வந்தது. சட்டத்தரணி அம்மா பெருமூச்சு விட்டார்: "இதை நீ இப்போது சொன்னால் உன் பெயரை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்கள். திருட வேறு ஒருவருக்குக் காரணம் இருந்ததென்று காட்டாமல் யாரும் நம்பவும் மாட்டார்கள்."

காரணம். அதுதான் இடித்தது. காப்புறுதிகூடச் செய்யாத பொருளைத் தன் வீட்டிலேயே ஒருவன் ஏன் திருட வேண்டும்?

"அந்தத் தகட்டை ஒருக்காக் கண்ணால கண்டால் போதும்," என்றாள். "கடையில விற்றுத் தீர்ந்துதாம்."

இன்னாசித்தம்பி சிகரெட்டைக் கீழே போட்டு, அணைந்த பிறகும் மிதித்துக்கொண்டிருந்தார்.

செலீனாவின் கண் சுருங்கியது. "அண்ணை, என்னத்தை மறைக்கிறியள்?"

"நானோ? சீ."

"முகத்தைக் காட்டுங்கோ."

"முகம் எப்பவும் இப்படித்தான்."

"பாக்கியராசா உள்ளுக்க கிடக்கிறான். நீங்கள் ஏதும் எடுத்திருந்தால் இப்பவே சொல்லுங்கோ. பேந்து நான் கண்டுபிடிச்சால் உங்களுக்கும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டிவரும்."

அவர் ஜக்கெற்றுக்குள் கையை விட்டுப் பாண் பை ஒன்றை இழுத்தெடுத்தார். அதற்குள் கட்டுக்கட்டாகப் புத்தம்புதுத் தபாலட்டைகள். ஒவ்வொன்றிலும் கறுப்புப் பின்னணியில் பளபளவென்று ஒரு தங்கக் குதிரைக்காரன்.

"திங்கக்கிழமை குப்பைக்குள்ள கிடந்தது பிள்ளை. ஒரு பெட்டி. எடுத்திட்டன். குப்பை பொறுக்கினவன் எண்டு தெரிஞ்சால் என்ர மானம் என்ன ஆகிறது? ஊரில எனக்குப் பதினெட்டுச் சொந்தம். நத்தார் வருது. குதிரையில ஒரு ராசா போறார் தானே? பாலனைப் பார்க்கப் போன மூண்டு ராசாக்களில ஒருத்தர் எண்டு எழுதி அனுப்பலாம் எண்டு…"

"மற்ற ரெண்டு பேரும்?"

"பஸ்ஸில வருகினம் எண்டு எழுதுவன்."

செலீனா சிரிக்கவில்லை. அட்டையைத் தகரத்துக்கு வெளியே நீட்டி, மழை வெளிச்சத்தில் பிடித்தாள். கூர்த்தொப்பி, தாடி, வில்லுறை, எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. கண் மெல்லக் கீழே இறங்கியது. தொடை. முழங்கால். கால்.

அட்டையைச் சடாரென்று கண்ணருகே இழுத்தாள்.

"என்ன பிள்ளை, பேயைக் கண்டியோ?"

"காலைப் பாருங்கோ அண்ணை. கால் எதுக்குள்ள இருக்குது?"

"வளையத்துக்குள்ள. சேணத்தில தொங்குமே, ஏறேக்கை மிதிக்கிறது."

"அங்கவடி. சிதியருக்கு அங்கவடி இல்லை. முழங்காலால குதிரையை இறுக்கிப் பிடிச்சு, பின்னுக்குத் திரும்பி அம்பு விட்ட சனம் அது. இரும்பு அங்கவடி சீனாவின்ர வடக்கு எல்லையிலதான் முதல் வருது, கிறிஸ்து பிறந்து முந்நூறு வருஷத்துக்குப் பிறகு. பேந்துதான் புல்வெளியால மேற்கை வந்தது. இவன் எழுநூறு வருஷம் முந்தியே காலை வைச்சிட்டான்."

இன்னாசித்தம்பி அட்டையை வாங்கித் தலைகீழாகவும் பார்த்தார். "அப்ப இது, சங்கிலியன் ராசாவின்ர கோட்டைச் சித்திரத்தில சி.ரி.பி. பஸ் ஓடுற மாதிரியோ?"

"அதேதான். ஆரோ கெட்டிக்காரத் தட்டான் செய்த கள்ளச்சாமான்."

குருநகர்க் கடற்கரையில் வள்ளம் தள்ளியவரின் மகள், வீட்டில் முதன்முதல் பல்கலைக்கழகப் படி மிதித்தவள், சரித்திரத்தில் சிறப்புப் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்தை இந்த நாட்டு அலுவலகத்தில் நீட்டியபோது, அங்கிருந்தவள் தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு மீன் வெட்டும் தொழிற்சாலைக்கு வழி சொன்னாள். இன்றைக்கு அந்தத் தாள் செலவாகப்போகிறது.

"அண்ணை, முன்வாசலில ஒரு சுவரொட்டி கிடக்குதே?"

"லெனின்கிராட்டில இருந்து ஒரு பேராசிரியர் வந்து குதிரைக்காரரைப் பற்றிக் கதைக்கப் போறாராம் எண்டது? அதுக்கு மேல 'நடக்காது' எண்டு குறுக்கால ஒட்டிப்போட்டினம்."

"எப்ப ஒட்டினது?"

இன்னாசித்தம்பி கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது அவருக்கே பயம் பிடித்திருந்தது. "திங்கக்கிழமை."

மாலை நாலு மணிக்கே வெளியே விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. செலீனா கதவைத் தட்டாமல் ஹோல்மின் அறைக்குள் நுழைந்தாள். இன்னாசித்தம்பி வாளியைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவள் தபாலட்டையை மேசையில் வைத்தாள். விரலை அந்தக் காலில் ஊன்றினாள்.

ஹோல்ம் விரல் ஊன்றிய இடத்தைப் பார்த்தார். மறுக்கவில்லை. கோபப்படவுமில்லை.

"நீ எங்கே படித்தாய்?"

"நீ கேள்விப்படாத ஊரில்."

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கைக்குட்டையை எடுத்து விரித்தார். தங்கக் குதிரைக்காரன் விளக்கடியில் பளிச்சென்று கிடந்தான். இன்னாசித்தம்பியின் வாளி டங்கென்று தரையில் இறங்கியது.

"தங்கம் பூசிய செம்பு," என்றார் ஹோல்ம். "லெனின்கிராட் பேராசிரியருக்கு அழைப்போடு இந்த அட்டையையும் அனுப்பினேன். திங்கட்கிழமை பதில் வந்தது. ஒரே வரி. 'உங்கள் வீரனின் கால் எதில் நிற்கிறது?' முப்பது வருடம், பெண்ணே. என் கலாநிதிப் பட்டம், இரண்டு புத்தகம், இந்த அறை, எல்லாம் இந்தக் குதிரையின் முதுகில். தினமும் பார்த்தேன். காலைப் பார்க்கவில்லை."

"அதனால் பாக்கியராசாவைப் பிடித்துக் கொடுத்தாய்."

"இல்லை. திருட்டுப் போனது என்றுதான் சொன்னேன். கள்ளன் பிடிபடமாட்டான், கதை ஆறிப்போகும் என்று நினைத்தேன். காலடிகளைக் கண்டது பொலிஸ். அன்றைக்கே வந்து, ஆள் ஒப்புக்கொண்டுவிட்டான் என்றார்கள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்." நிமிர்ந்து பார்த்தார். "ஒப்புக்கொண்டான் என்று சொன்ன தாளில் இருப்பது என் கையெழுத்து இல்லை. உன்னுடையது."

செலீனாவின் முகத்தில் இரத்தம் குப்பென்று ஏறியது. அவள் ஒரு அடியும் பின்வாங்கவில்லை.

ஹோல்ம் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். "சனிக்கிழமையே எழுதிவிட்டேன். அனுப்பத் துணிவில்லை. இதைக் கொண்டுபோனால் அவன் இன்றைக்கே வெளியே வருவான். உன் கையெழுத்துக்கும் பங்கம் வராது. நீ அந்த அட்டையை மறந்துவிடு."

"என்னவாம் பிள்ளை?" என்றார் இன்னாசித்தம்பி.

அவள் வாசித்து, தமிழில் சொன்னாள்: "'அகதியின் வறுமையைக் கருதி, நூதனசாலை மன்னித்து, முறைப்பாட்டைத் திரும்பப் பெறுகிறது.'"

"இண்டைக்கே விடுவினமோ? அப்ப வாங்கு பிள்ளை! இரவுக்குச் சோறு போட்டுக் கூட்டிக்கொண்டு போவம். கைக்கு வந்த மீனைக் கடலுக்கு எறியிறதே?"

"மன்னிக்கினமாம் அண்ணை. எடுக்காதவனை எவன் மன்னிப்பான்? கள்ளனைத்தான் மன்னிக்கிறது. இந்தத் தாள் அவன்ர கோப்பில ஏறினால் பிள்ளையள் வாழைச்சேனையிலேயே வளருங்கள்."

"இல்லாட்டில் அவன் இன்னும் எத்தினை நாள் உள்ளுக்க கிடக்கிறது?"

"தெரியேல்லை."

"உன்ர வேலை?"

"அது போகும்."

ஹோல்மைப் பார்த்து டேனிஷில் சொன்னாள்: "உன் பட்டம் பொய்யாகும் என்று பயந்து நீ வாயை மூடினாய். என் பட்டத்தை உங்கள் நாடு வாங்கின நாளிலேயே பொய்யாக்கிவிட்டது. எனக்கு அந்தப் பயம் மிச்சமில்லை. பொலிஸுக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை நான் மொழிபெயர்த்தது அரைகுறை என்று முதலில் எழுதிக் கொடுப்பேன். பிறகு குதிரையின் கதையைச் சொல்வேன். லெனின்கிராட்டுக்கு அவர்கள் தொலைபேசி எடுக்கட்டும்."

"உன்னை இனி ஒருவரும் மொழிபெயர்க்கக் கூப்பிடமாட்டார்கள்."

"மீன் வெட்டத் தெரியும்."

கடிதத்தை மடிக்காமல் அவர் பக்கமே தள்ளினாள். அட்டையை மட்டும் எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

"அந்தக் குப்பையை எடுத்தது ஆரெண்டு கேட்பினமே பிள்ளை," என்றார் இன்னாசித்தம்பி, வாளியை விடவும் முடியாமல் தூக்கவும் முடியாமல்.

"கேட்பினம்."

"நான் வந்து சொல்லவேணுமோ?"

"உங்கட விருப்பம் அண்ணை. நீங்கள் வராட்டிலும் நான் போறன்."

படிக்கட்டில் அவள் சப்பாத்துச் சத்தம் ஒரே சீராக இறங்கியது. முன்கதவு திறந்து மழைச் சத்தம் உள்ளே வந்தது. இன்னாசித்தம்பி படியின் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார்:

"பிள்ளை, பஸ் தரிப்பு மற்றப் பக்கம்."

"தெரியும்," என்றாள் செலீனா. பொலிஸ் நிலையம் இருந்த பக்கம் நடந்தாள்.